ஊர் ஜெர்சியா, சம்பள ஒப்பந்தமா? ஐரிஷ் வீராங்கனைகள் முன்னால் இருக்கும் மூன்று வழிகள்

2019 மார்ச் கடைசியில் அடிலெய்ட் ஓவல் மைதானத்தில் பெண்கள் ஆஸ்திரேலியன் ரூல்ஸ் லீக்கான ஏஎஃப்எல்டபிள்யூவின் இறுதிப்போட்டி நடந்தது. பார்க்க வந்தவர்கள் 53,034 பேர். அதே ஆண்டு செப்டம்பரில் டப்ளின் குரோக் பார்க் மைதானத்தில், அயர்லாந்தின் சொந்த ஆட்டமான கேலிக் கால்பந்தின் பெண்கள் ஆல்-அயர்லாந்து இறுதி, அதாவது கவுண்டி (மாவட்டம் மாதிரி) அணிகள் மோதும் தேசியக் கோப்பையின் இறுதி. அங்கே 56,114 பேர். அடிலெய்டில் கோப்பையைத் தூக்கிய அணியில் அயர்லாந்தின் கிளேர் கவுண்டியைச் சேர்ந்த அய்லிஷ் கான்சிடைன் இருந்தார். அந்த லீக்கில் பட்டம் வென்ற முதல் ஐரிஷ் பெண் அவர்தான்.

இந்த இரண்டு கூட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். கவனிப்பார் இல்லாமல் ஓடிப்போகிறார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. சொந்த ஊரில் கூட்டம் உண்டு, புகழ் உண்டு. இருந்தும் சமீப ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட ஐரிஷ் பெண்கள் அந்த லீக்கின் கிளப் பட்டியல்களில் இருக்கிறார்கள். ஊரிலேயே இருப்பது, ஆஸ்திரேலியாவுக்கே போய்விடுவது, இரண்டையும் ஓட்டுவது என்று மூன்று வழிகள். எது யாருக்குச் சரி?

முதலில் ஆட்டத்தைப் பார்ப்போம். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் சகோதரிகள் மாதிரிதான் தெரியும். பந்தைக் கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம், ஓடலாம். கிட்டே போனால்தான் சிக்கல். கேலிக் கால்பந்தில் உருண்டைப் பந்து, செவ்வக மைதானம், அணிக்கு 15 பேர். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலு அடி எடுத்து வைக்கலாம். அதற்குள் தரையில் தட்ட வேண்டும், அல்லது காலில் போட்டுத் தட்டிக் கையில் வாங்க வேண்டும். குறுக்குக் கம்பிக்கு மேலே போனால் ஒரு பாயின்ட், வலைக்குள் போனால் மூன்று. ஆஸ்திரேலியாவில் முட்டை வடிவப் பந்து, முட்டை வடிவ மைதானம், பெண்கள் அணியில் 16 பேர். நாலு கம்பங்களில் நடுவிலிருக்கும் இரண்டுக்கு இடையே உதைத்தால் ஆறு, பக்கத்து இடைவெளியில் போனால் ஒன்று. குறுக்குக் கம்பியே கிடையாது.

இதில் ஐரிஷ் பெண்ணுக்கு ஆதாயமாக இருப்பது ஓட்டமும், அந்தரத்தில் பந்தைப் பிடிக்கும் பழக்கமும், முன்னால் காலியாகப் போகிற இடத்தை முன்கூட்டியே பார்க்கிற கண்ணும். தொல்லை தருவது அந்தப் பந்து. உருண்டைப் பந்து எப்படிப் போட்டாலும் கைக்குத் திரும்பும். முட்டைப் பந்தை ஓடும்போது 15 மீட்டருக்கு ஒரு தடவை தரையில் தட்டியாக வேண்டும், அதுவும் அதன் முனை சரியான சாய்வில் தரையில் பட வேண்டும். கொஞ்சம் பிசகினால் எங்கே துள்ளும் என்று சொல்லவே முடியாது. உதைப்பதும் அப்படித்தான்: பந்தை நிமிர்த்திப் பிடித்து, கீழ்முனையில் பாதம் படும்படி விட்டு, பின்னோக்கிச் சுழல வைக்க வேண்டும். ஆஸ்திரேலியச் சிறுமி ஆறேழு வயதில் பழகுவதை இவர்கள் இருபத்தைந்தில் தொடங்குகிறார்கள்.

ஆனால் பந்தைவிடப் பெரிய வேறுபாடு, உடம்பு உடம்போடு மோதுவது. பெண்கள் கேலிக் கால்பந்தில் வேண்டுமென்றே மோதுவதே தப்பு. ஆண்கள் ஆட்டத்தில் உள்ள தோளோடு தோள் இடிப்பதுகூட இல்லை. ஆஸ்திரேலியன் ரூல்ஸில் பந்து வைத்திருப்பவரைத் தோளுக்கும் முழங்காலுக்கும் இடையே எங்கே வேண்டுமானாலும் பிடித்துக் கீழே தள்ளலாம். பந்தை உடனே விடாவிட்டால் பிடிபட்டவர் மேலேயே தப்பு சொல்வார்கள். கார்க் கவுண்டிக்காக 11 ஆல்-அயர்லாந்து பட்டம் வென்ற பிரீட் ஸ்டாக், ஜிடபிள்யூஎஸ் ஜயன்ட்ஸ் கிளப்பில் சேர்ந்தவர். 2021 ஜனவரியில், அந்த சீசன் தொடங்குவதற்கு முன்பே, ஒரு பயிற்சி ஆட்டத்தில் அவர் கழுத்தெலும்பு முறிந்தது. லீட்ரிம் கவுண்டியின் ஆய்னே டைக் ஃப்ரீமேன்டில் கிளப்பில் சேர்ந்த பிறகு முழங்கால் காயங்களில் இரண்டு சீசன்கள் போயின. 2022இல்தான் முதல் ஆட்டம். இருவருமே திரும்பி வந்து ஆடினார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் உடம்பு கொடுக்கும் விலையை யோசிக்கையில் ஊர்ப்பக்கத் தட்டுதான் கனம்.

பணம்? இதில் ஒப்பிடவே பெரிதாக ஒன்றுமில்லை. கேலிக் ஆட்டங்கள் இன்றைக்கும் சம்பளமில்லா ஆட்டங்கள். குரோக் பார்க் நிரம்பினாலும் ஆடுகிறவர் மறுநாள் வேலைக்குப் போக வேண்டும். அரசு தருகிற உதவித்தொகை ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமமானதே 2021இல்தான். 2023 கோடையில் கவுண்டி வீராங்கனைகள் பயணச் செலவு, மருத்துவ வசதி போன்ற அடிப்படைகளுக்காக எதிர்ப்பு தெரிவித்துக்கொண்டே களமிறங்கினார்கள். ஆல்-அயர்லாந்து ஆடும் ஒருவர் பயிற்சிக்குப் போகும் பெட்ரோல் காசுக்கு வாதாட வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

ஆஸ்திரேலியாவிலும் தொடக்கத்தில் வாரி இறைக்கவில்லை. 2017இல் லீக் தொடங்கியபோது கடைநிலைச் சம்பளம் ஒரு சீசனுக்கு 8,500 ஆஸ்திரேலிய டாலர். 2022 ஒப்பந்தத்தில் அது 39,184 ஆனது, உச்ச நிலையில் 71,935. அடுத்து வந்த ஒப்பந்தம் 2027க்குள் சராசரியை 82,000 டாலர் பக்கம் கொண்டு போவதாகச் சொல்கிறது. மெல்போர்ன் வீட்டு வாடகையைக் கொடுத்த பிறகு இது பணக்கார வாழ்க்கை இல்லை. ஆனால் காலையில் எழுந்தால் ஆட்டம்தான் வேலை; பிசியோ, ஜிம், சாப்பாட்டு ஆலோசகர் எல்லாம் அந்த வேலையின் பகுதி. பல வீராங்கனைகளை இழுப்பது டாலரைவிட இந்த முழுநேர வாழ்க்கைதான் என்பது என் கணிப்பு.

சரி, ஊரில் இருப்பதற்கு என்னதான் காரணம்? கவுண்டி அணி என்பது பிறந்த இடம். மேயோவில் பிறந்தால் மேயோ. டப்ளின் உங்களை விலைக்கு வாங்க முடியாது. ஆஸ்திரேலியாவில் கிளப் மாறுவது சாதாரணம். டிப்பரரியின் ஆஷ்லிங் மெக்கார்த்தி வெஸ்டர்ன் புல்டாக்ஸிலிருந்து வெஸ்ட் கோஸ்ட் போனார். மேயோவின் நீவ் கெல்லி வெஸ்ட் கோஸ்டிலிருந்து அடிலெய்ட் போனார். இதைக் குறை என்றும் சொல்லலாம், சுதந்திரம் என்றும் சொல்லலாம். சின்னக் கவுண்டியில் பிறந்த ஒருவருக்கு ஆல்-அயர்லாந்து கோப்பை கனவிலும் எட்டாது. அவர் மெல்போர்னில் கோப்பைக்காக ஆடலாம். பெரிய கவுண்டிக்காரரைவிட லீட்ரிமில் பிறந்தவருக்கு விமானம் ஏறுவதற்கான காரணம் கூடுதல்.

இதெல்லாம் முக்கியம்தான். ஆனால் முடிவை உண்மையில் தீர்மானிப்பது காலண்டர். இதைப் பலரும் ஓரமாகத்தான் பேசுகிறார்கள்.

2022 தொடக்கம் வரை ஏஎஃப்எல்டபிள்யூ ஆண்டின் ஆரம்பத்தில், நம் கணக்கில் தை பிறந்து சித்திரைக்குள் முடிந்துவிடும். அயர்லாந்தில் அப்போது நடப்பது தேசிய லீக். அதைத் தவறவிட்டால் பெரிய நஷ்டமில்லை. கோடை சாம்பியன்ஷிப்புக்குத் திரும்பி வந்துவிடலாம். மேயோவின் கோரா ஸ்டான்டன் 2018இல் தன் 36ஆம் வயதில் ஜிடபிள்யூஎஸ் கிளப்புக்குப் போனபோது இருந்தது இந்த ஏற்பாடுதான். ஊரையும் விடவில்லை, புது ஆட்டத்தையும் விடவில்லை.

2022 ஆகஸ்டில் லீக் சீசனை மாற்றினார்கள். இப்போது ஆகஸ்டில் தொடங்கி நவம்பர் கடைசி, டிசம்பர் தொடக்கம் வரை போகிறது. ஆல்-அயர்லாந்து இறுதியும் ஜூலை கடைசி, ஆகஸ்ட் முன்பகுதிக்கு நகர்ந்துவிட்டது. தாளில் பார்த்தால் ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது. டப்ளினின் ஜெனிஃபர் டன் 2023 ஆகஸ்ட் 13 அன்று குரோக் பார்க்கில் பட்டம் வென்றார். பிரிஸ்பேன் லயன்ஸுக்குப் போய், அதே ஆண்டு டிசம்பர் 3 அன்று அங்கேயும் பட்டம் வென்றார். பதினாறு வாரத்தில் இரண்டு நாட்டுக் கோப்பை! ஆண்களில் கெர்ரியின் டைக் கெனலி இந்த இரண்டையும் வென்றவர்தான், ஆனால் 2005இல் ஒன்று, 2009இல் இன்னொன்று.

ஆனால் இந்தக் கணக்கில் விடுபடுவது உள்ளூர் கிளப். அயர்லாந்தில் கவுண்டி ஆட்டம் முடிந்த பிறகுதான் கிளப் சாம்பியன்ஷிப் சூடு பிடிக்கும், ஆகஸ்டிலிருந்து இலையுதிர்காலம் வரை. சின்ன வயதிலிருந்து வளர்த்த ஊர் அணி, அக்கா தங்கைகள் ஆடுகிற அணி, அதுதான் ஆஸ்திரேலிய சீசனோடு நேரடியாக மோதுகிறது. போகிறவர்களால் கவுண்டிக்கு நஷ்டம் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. கவுண்டிக்கு முப்பது பேர் பட்டியல் இருக்கிறது. பதினைந்து பேரைத் திரட்டவே திணறும் கிராம கிளப்புக்குத்தான் உண்மையான அடி.

மீத் கவுண்டியின் விக்கி வால் இந்த மூன்று வழிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தவர். 2021இலும் 2022இலும் ஆல்-அயர்லாந்து வென்றார். 2021இல் சக வீராங்கனைகளே அவரை ஆண்டின் சிறந்தவராகத் தேர்ந்தெடுத்தார்கள். 2022 பட்டத்துக்குப் பிறகு ஆஸ்திரேலியாவின் நார்த் மெல்போர்ன் கிளப்புக்குப் போனார். அப்புறம் ஊர் திரும்பி, அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பி செவன்ஸ் பக்கம் போனார். 2024இல் மறுபடி நார்த் மெல்போர்ன், அந்த ஆண்டே அங்கே பட்டம். 2025 ஆகஸ்டில் மீத் ஜெர்சியில் குரோக் பார்க் இறுதியில் ஆடினார்; டப்ளின் வென்றது. அவரோடு பட்டம் வென்ற எம்மா டக்கன் இத்தனை ஆண்டும் மீத்திலேயே இருந்து ஆடினார். திறமையில் இருவருக்கும் இடையே அப்படியொன்றும் தூரமில்லை.

இன்னொரு கோணமும் உண்டு. ஆண்கள் லீக் அயர்லாந்திலிருந்து எடுப்பது பெரும்பாலும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்களை. அங்கே கொண்டுபோய் வளர்க்கிறது. பெண்கள் லீக் எடுத்தது முழுதாக வளர்ந்த நட்சத்திரங்களை. ஆஸ்திரேலியாவில் பெண்களுக்கு வழி திறக்கத் தாமதமானதால், பத்துப் பதினைந்து வருடம் உயர்நிலையில் ஆடிய ஐரிஷ் பெண்ணுக்கு மதிப்பு இருந்தது. 2006இல் இரு ஆட்டங்களும் கலந்த விதிகளில் இரு நாட்டுப் பெண்கள் மோதியபோது, கேவனில் நடந்த முதல் ஆட்டத்தில் அயர்லாந்து 134-15 என்று வென்றது. அந்த இடைவெளி இப்போது சுருங்குகிறது. லீக் வந்த பிறகு பள்ளியிலிருந்தே பயிற்சி பெற்ற ஆஸ்திரேலியப் பெண்கள் வருகிறார்கள். 36 வயதில் புதிதாக நுழையும் இன்னொரு கோரா ஸ்டான்டனுக்கு இனி இடம் கிடைப்பது கஷ்டம்.

அதனால் என் தீர்ப்பு வயதைப் பொறுத்தது. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் கூப்பிட்டால் போகலாம். முட்டைப் பந்தைக் கைவசப்படுத்த இரண்டு மூன்று சீசன் தேவை, அதற்குக் காலம் இருக்கும். முப்பதை நெருங்குகிறவர், அதிலும் ஆல்-அயர்லாந்து கோப்பைக்குப் பக்கத்தில் இருக்கிற கவுண்டி அணியில் ஆடுகிறவர், ஊரிலேயே இருக்கட்டும். இரண்டையும் ஓட்டும் வழி ஒரு வருடத்துக்கு அருமை. வருடா வருடம் என்றால் ஓய்வு மாதம் என்று ஒன்றே இருக்காது, முதலில் கைகொடுக்காமல் போவது முழங்கால். அயர்லாந்தின் மூன்று கேலிக் அமைப்புகளும் (ஆண்கள் ஆட்டங்களுக்கு ஒன்று, பெண்கள் கால்பந்துக்கு ஒன்று, பெண்கள் மட்டையால் ஆடும் கமோகிக்கு ஒன்று) 2027க்குள் ஒன்றாகப் போவதாகத் திட்டம். அப்போது கிளப் ஆட்டங்களின் தேதியில் பெண்களுக்கும் ஒரு சொல் இருக்குமானால், இந்தக் கணக்கை மறுபடி போட வேண்டியிருக்கும்.