மாலைக் கயாக் என்று அழைத்துப்போய் ஆடிக்காற்றில் தள்ளிவிட்டார்கள்: மதுரை நண்பர்கள் கவனத்துக்கு

"மாலைக் கடலில் கயாக், பவளத்தீவில் இறங்கிப் படம் எடுக்கலாம், ஆளுக்கு 1,800 ரூபாய்" என்று மதுரை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் விளம்பரத்தை நம்பிப் பணம் அனுப்பிவிடாதீர்கள். கயாக் என்பது துடுப்புப் போட்டு ஓட்டும் சிறு படகு. நானும் நண்பர்களும் அனுப்பினோம். நாங்கள் உயிரோடு கரை சேர்ந்தது வலை போட வந்த மீனவர்களின் புண்ணியம். அந்த முகவருக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

முதலில் அந்தத் தீவு விஷயம். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் இருக்கும் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே யாரும் கால் வைக்கக் கூடாது. ஆக, வாக்குறுதியே பொய். ஆடி மாதத்தில் தென்கடலில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று எப்படி அடிக்கும் என்பதும் இந்தத் தொழில் செய்கிறவருக்குத் தெரியாமல் இருக்காது. அதனால் முகவர் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வேனைப் பாம்பன் தீவின் வடகரைக்குத் திருப்பினார். கேட்டதற்கு, "இந்தப் பக்கம் கடல் நம் தெப்பக்குளம் மாதிரி கிடக்கும் அண்ணே, பயமே வேண்டாம்" என்றார்.

கரையில் நின்று பார்த்தால் அப்படித்தான் தெரிந்தது. இதை எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் எழுதுகிறேன். வடகரையில் தென்மேற்குக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. கரையோரப் பனைகளும் சவுக்கும் அதை மறைத்துக்கொள்வதால் கரைக்குப் பக்கத்தில் தண்ணீர் அசையாமல் கிடக்கும். கொஞ்ச தூரம் தாண்டியதும் காற்று முதுகில் பிடித்துத் தள்ளும். போகும்போது துடுப்பே போட வேண்டாம், தானாகப் போகிறது என்று மகிழ்ச்சியாக இருக்கும். திரும்பும்போது முழுக் காற்றையும் எதிர்த்து வலிக்க வேண்டும். எடை குறைந்த பிளாஸ்டிக் கயாக் தண்ணீருக்கு மேலேயே மிதப்பதால் காற்று இழுத்த பக்கம் போய்விடும்.

நான்கு மணிக்கு இறக்குவதாகச் சொன்னவர்கள் ஐந்தே முக்காலுக்கு இறக்கினார்கள். கூடவே வருவதாகச் சொன்ன பயிற்சியாளர் கரையில் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பாதுகாப்புக்கு வரும் என்ற மோட்டார் படகு வரவே இல்லை.

பவளக்கல் பாறைகளை ஒட்டிப் போனோம். பழுப்புக் கற்களின் மேல் சாய்வெயில் விழும் அந்தக் கரை அழகானது, அதை மறுக்க மாட்டேன். சிறிது நேரத்தில் எங்கள் கயாக்கின் பின்பக்கம் தாழத் தொடங்கியது. உள்ளே புகும் நீரை வடிப்பதற்குப் பின்முனையில் ஒரு துளை இருக்கும், அதற்குத் திருகு மூடி உண்டு. எங்களுடையதில் மூடி இல்லை. பாலித்தீன் பையைச் சுருட்டித் திணித்திருந்தார்கள், அது ஊறி வெளியே வந்துவிட்டது. திருப்ப முயன்றபோது கவிழ்ந்தோம். நண்பனின் லைஃப் ஜாக்கெட் கொக்கி தெறித்து, ஜாக்கெட் முகத்துக்கு மேல் ஏறிக்கொண்டது. பிறகு கரையில் அதை அழுத்திப் பார்த்தேன். உள்ளே இருந்த ஃபோம் நொறுங்கிப் பொடியாகியிருந்தது, கட்டைவிரல் பதிந்த பள்ளம் எழவே இல்லை. கூப்பிட ஒரு விசில் கூட எதிலும் இல்லை.

நாங்கள் பவளப்பாறையைப் பற்றிக்கொண்டோம். சிப்பி கிழித்து இருவருக்கும் கால் முழுக்க ரத்தம். அதைவிட நெஞ்சை அடைத்தது, தோழிகள் இருவர் இருந்த கயாக் இருட்டும் நேரத்தில் வெளியே வெளியே போய்க்கொண்டிருந்ததுதான். வல்லம் என்னும் நாட்டுப்படகில் வந்த மீனவர்கள் அவர்களைத்தான் முதலில் கயிறு போட்டு இழுத்து வந்தார்கள். அவர்களில் பெரியவர் கேட்டார்: "கச்சான் அடிக்கிற நேரத்தில் இதில் ஏற்றிவிட்டவன் யார் தம்பி?"

அந்த முகவர் வருத்தம் கூடத் தெரிவிக்கவில்லை. தொலைந்த துடுப்புக்கு என்று எங்கள் முன்பணத்தில் 2,500 ரூபாய் பிடித்துக்கொண்டார். பரமக்குடி தாண்டி ஓடும் வேனில் ஆங்கிலத்தில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். "எது நடந்தாலும் பொறுப்பில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே" என்று அதைக் காட்டினார். மறுநாள் எங்கள் எண்களை முடக்கிவிட்டார்.

இப்படி எழுதி வாங்கிவிட்டால் வாடிக்கையாளர் வாயடைத்துப் போவார் என்பது அவர்கள் கணக்கு. சேவைக் குறைபாட்டுக்குப் புகார் கொடுக்க அது தடையில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டோம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள், நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. ரசீது, பணம் அனுப்பிய விவரம், குரல் பதிவுகள் எல்லாவற்றையும் சேர்த்து மதுரையிலேயே தாக்கல் செய்யப் போகிறோம்.

வேறு யாரோடு போனாலும் சுற்றுலாத் துறைப் பதிவு எண்ணைக் கேளுங்கள். துணைப் படகு கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் இறங்குங்கள். கரையில் ஒரு பிடி மணலை அள்ளித் தூவுங்கள், அது கடல் பக்கம் பறந்தால் ஏற வேண்டாம். கடலோரக் காவல்படையின் 1554, தமிழகக் காவல்துறையின் கடலோரக் காவல் குழுமத்தின் 1093 ஆகிய எண்களை கரையில் நிற்பவரிடமும் கொடுத்து வையுங்கள்.

அதே முகவர் இப்போது வேறு பெயரில், அதே படங்களோடு, கல்லூரி மாணவர்களுக்குத் தள்ளுபடி என்று விளம்பரம் செய்கிறார். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது கடலுக்குப் போவதாகச் சொன்னால், பணம் கட்டும் முன் இதைப் படிக்கக் கொடுங்கள்.