சொந்தமாகக் கட்டிய விமானம்: விற்பதா, பிரிப்பதா?

அமெரிக்காவில் வீட்டிலேயே விமானம் கட்டியவர்கள் அதைக் கைமாற்றத் தயங்குவது நியாயம்தான். விற்ற பிறகு விபத்து நடந்து வழக்கு என்று வந்தால், கட்டியவரையே தயாரிப்பாளராகப் பார்க்க இடமுண்டு.

பணம்
விற்றால்: பெரும்பாலும் கூடுதல்.
பிரித்தால்: எஞ்சின், புரொப்பல்லர், ரேடியோ காசாகும். இறக்கைக்குக் கொட்டிய உழைப்பு போனதுதான்.

பொறுப்பு
விற்றால்: ‘வழக்குப் போட மாட்டேன்’ என்று வாங்குபவரிடம் கையெழுத்து வாங்கலாம், வாங்கவும் வேண்டும். ஆனால் அவருடன் நாளை பறக்கும் பயணியையோ தரையில் அடிபடுபவரையோ அது பொதுவாகக் கட்டுப்படுத்தாது. என்னை உறுத்துவது இதுதான்.
பிரித்தால்: ஆபத்து வெகுவாகக் குறையும். ஆனால் உடற்பகுதியை முழுசாகக் கொடுத்தால் யாராவது மறுபடி பூட்டிப் பறக்கவிடலாம். இறக்கையின் முதன்மை ஸ்பாரை (நீளவாக்கில் ஓடி பாரம் தாங்கும் உத்தரத்தை) அறுத்துவிடுங்கள், அடையாளத் தகட்டைக் கழற்றிவிடுங்கள்.

காகிதம்
இரண்டிலும் பதிவுச் சான்றிதழின் பின்பக்கத்தை நிரப்பி ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும்.

வேலை சுத்தமாக இருந்து, கட்டுமானப் பதிவேடும் படங்களும் கைவசம் இருந்தால் வக்கீலைப் பார்த்துவிட்டு விற்கலாம். பாகங்களை ஒட்டிய இணைப்புகளில் உங்களுக்கே சந்தேகமா? அப்புறம் யோசிக்க ஒன்றுமில்லை, பிரித்துவிடுங்கள்.