டி.எஸ்.எச். இறங்கிவிட்டதாகக் காட்டி விற்கும் ‘தைராய்டு சப்போர்ட்’ செட்: வாங்கும் முன் இதைப் படியுங்கள்

தைராய்டு குறைவாகச் சுரப்பவர்களைக் குறிவைத்து மூன்று டப்பா கொண்ட செட் ஒன்று விற்கிறார்கள். முதல் டப்பாவில் ஜிங்க், கால்சியம், மக்னீசியம் கலந்த மாத்திரை. இரண்டாவதில் செலீனியமும் கடற்பாசிப் பொடியும் அடைத்த கேப்ஸ்யூல். மூன்றாவது, ‘முடி, நகம், சருமம்’ என்று எழுதிய மாத்திரை. மூன்றையும் காலையில் வெறும் வயிற்றில், தைராய்டு மாத்திரையோடு சேர்த்தே போடச் சொல்கிறார்கள்.

ஹாஷிமோட்டோ (உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டு சுரப்பியைத் தாக்கும் நோய்) பாதிப்பு உள்ள ஒரு பெண் இதை வாங்கினார். தினமும் லெவோதைராக்சின் என்ற தைராய்டு மாத்திரை எடுப்பவர். இரண்டு மாதம் கழித்து ரத்தம் கொடுத்துப் பார்த்தால் டி.எஸ்.எச். 0.2-க்கு இறங்கியிருந்தது, ஃப்ரீ டி4 (ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோன்) வரம்பைத் தாண்டி ஏறியிருந்தது. டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரப்பியைத் தூண்டும் ஹார்மோன்; சுரப்பி குறைவாகச் சுரந்தால் ஏறும், அதிகமாகச் சுரந்தால் இறங்கும். ரிப்போர்ட்டைப் பார்த்த விற்பனையாளரிடமிருந்து வந்த பதில்: “பார்த்தீங்களா அக்கா, சுரப்பி தானா வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சு. இனி டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பாதியா உடைச்சுப் போடுங்க, போதும்.” அவரும் பாதியாக்கினார். லெவோதைராக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால் முதல் சில நாளில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு முகம் உப்பியது, மலச்சிக்கல் வந்தது, எழுந்திருக்கவே முடியாத அசதி. செட்டை நிறுத்திவிட்டு மறுபடி பரிசோதித்தபோது டி.எஸ்.எச். வரம்புக்கு மிக மேலே இருந்தது.

முதல் ரிப்போர்ட்டில் பரிசோதனைக் கூடத்தின் தவறு எதுவுமில்லை. அந்தப் பொய் எண்ணை உண்டாக்கியது மூன்றாவது டப்பாதான். முடிக்கான அந்த மாத்திரையில் பயோட்டின் என்ற வைட்டமின் 10 மி.கி., அதாவது 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது. ஒரு பெரியவருக்கு நாளொன்றுக்குப் போதுமானது 30 மைக்ரோகிராம். பல பரிசோதனைக் கருவிகள் பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் முறையில் ஹார்மோனை அளக்கின்றன. ரத்தத்தில் பயோட்டின் மிதமிஞ்சி இருந்தால் பற்றவேண்டிய இடத்தை அது அடைத்துக்கொள்ளும். டி.எஸ்.எச். அளக்கும் முறையில் அதன் விளைவு, உள்ளதைவிடக் குறைவான எண். ஃப்ரீ டி4, இன்னொரு தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி3 அளக்கும் முறை நேர்மாறானது, அதனால் அவை கூடுதலாகக் காட்டும். தைராய்டு ஏற்பி எதிர்ப்பொருள் பரிசோதனைகூடச் சில கருவிகளில் பாசிட்டிவ் என்று வந்துவிடலாம். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் தைராய்டு அதிகமாகச் சுரக்கும் அசல் கிரேவ்ஸ் நோய் ரிப்போர்ட் போலவே இருக்கும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பயோட்டின் குறித்து 2017-லேயே எச்சரித்துவிட்டது.

இதில் எங்களுக்கு மிகவும் ஆத்திரம் தருவது இதுதான்: வாங்கியவர் கவனமாக இருந்தார், பரிசோதனையும் செய்தார். அந்தப் பரிசோதனையையே அவரை ஏமாற்றப் பயன்படுத்திவிட்டார்கள். எண் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் நின்றால் எண்ணைச் சந்தேகியுங்கள். டி.எஸ்.எச். உண்மையிலேயே இறங்கி, ஃப்ரீ டி4-ம் வரம்பைத் தாண்டியிருந்தால் படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, எடை குறைதல் ஏதாவது பெரும்பாலும் தெரியும். ஒன்றுமே இல்லாமல் பழைய குளிரும் சோர்வும் அப்படியே இருந்தால், என்னென்ன சப்ளிமெண்ட் எடுக்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். பயோட்டினைக் குறைந்தது 2 நாள், 10 மி.கி. அளவில் எடுப்பவர்கள் 3 நாள் நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இன்னும் அதிக நாள் தேவைப்படும்.

அடுத்தது ஜிங்க். இங்கே ஏமாற்று லேபிளில் இருக்கிறது. ஒரு டப்பாவில் ‘ஜிங்க் குளுகோனேட் 50 மி.கி.’ என்றும், இன்னொன்றில் ‘ஜிங்க் (ஜிங்க் குளுகோனேட் வடிவில்) 50 மி.கி.’ என்றும் எழுதியிருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். முதலாவதில் உண்மையான ஜிங்க் 7 மி.கி. மட்டுமே, ஏனென்றால் குளுகோனேட்டில் ஜிங்கின் பங்கு சுமார் 14 சதவீதம். இரண்டாவதில் முழுதாக 50 மி.கி. இருக்கிறது. சல்பேட்டில் சுமார் 23 சதவீதம், பிகோலினேட்டில் 21, சிட்ரேட்டில் 30-க்குச் சற்று மேல், ஆக்சைடில் 80. ஆக்சைடு மலிவு, எண்ணும் பெரிதாகத் தெரியும், ஆனால் சிட்ரேட், குளுகோனேட் அளவுக்கு உடம்பில் சேராது. ‘ஒரு வேளைக்கு’ என்று பொடி எழுத்தில் இருப்பதையும் பாருங்கள். அந்த ஒரு வேளை என்பது மூன்று கேப்ஸ்யூலாக இருக்கலாம். ‘கனிமக் கலவை 600 மி.கி.’ என்று மொத்தத்தை மட்டும் போட்டு, எது எவ்வளவு என்று சொல்லாத டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

நாளொன்றுக்கு ஆண்களுக்கு 11 மி.கி., பெண்களுக்கு 8 மி.கி. ஜிங்க் போதும் என்பது அமெரிக்கப் பரிந்துரை. உணவையும் சேர்த்து 40 மி.கி. தாண்டக்கூடாது என்பது அவர்கள் வைத்த உச்சவரம்பு. ஐரோப்பாவில் அது 25 மி.கி. குறைபாடு இல்லாதவர் எடுத்தே தீரவேண்டும் என்றால் 8 முதல் 15 மி.கி. வரை, அதுவும் சாப்பாட்டோடு. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். டி3 ஹார்மோன் செல்லுக்குள் வேலை செய்யும் இடத்தில் ஜிங்க் தேவை என்பது உண்மைதான். அதை வைத்து, குறைபாடே இல்லாதவருக்கும் கூடுதல் ஜிங்க் தைராய்டைத் தூண்டும் என்று விற்பது புரட்டு.

50 மி.கி. ஜிங்கை மாதக்கணக்கில் விழுங்கினால் அடிபடுவது காப்பர். ஜிங்க் அதிகமானால் குடல் செல்களில் மெட்டலோதயோனின் என்ற புரதம் பெருகும். அது காப்பரை இறுகப் பிடித்துக்கொள்ளும். அந்தச் செல்கள் உதிரும்போது காப்பரும் மலத்தோடு போய்விடும். காப்பர் குறைந்தால் வருபவை: இரும்பு மாத்திரைக்கு அசையாத ரத்தசோகை, வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில் குறைவது, பிறகு பாதத்தில் மரமரப்பு, நடையில் தள்ளாட்டம். ரத்தம் தேறிவிடும், நரம்புப் பாதிப்பு முழுதாகத் தேறும் என்ற உறுதி கிடையாது. இந்த அறிகுறிகள் இருந்தால் ரத்தத்தில் காப்பரையும், அதைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கடற்பாசி கேப்ஸ்யூலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. பெரியவருக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம். பாசியின் வகையையும் விளைந்த கடலையும் பொறுத்து அதன் அயோடின் பலமடங்கு மாறும், டப்பாவில் போட்ட எண்ணை நம்ப முடியாது. அயோடின் திடீரென்று அதிகமானால் சுரப்பி ஹார்மோன் தயாரிப்பதை நிறுத்திக்கொள்ளும். இதை 1948-ல் வுல்ஃப், சைகோஃப் இருவரும் விவரித்தார்கள். ஆரோக்கியமான சுரப்பி சில நாட்களில் மீண்டுவிடும். ஹாஷிமோட்டோவில் அடிபட்ட சுரப்பி மீளாமலேயே நின்றுபோகலாம். கட்டி உள்ள சுரப்பியிலோ இதே அயோடின் ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்க வைத்துவிடும். சொட்டு மருந்தாக விற்கும் 5 சதவீத லூகால் கரைசல் (அயோடின் கரைசல்) இன்னும் ஆபத்து. ஒரே சொட்டில் சுமார் 6.25 மி.கி. அயோடின், நாளின் தேவையைப்போல 40 மடங்குக்கும் மேல்.

செலீனியம் 55 மைக்ரோகிராம் போதும். உச்சவரம்பு அமெரிக்காவில் 400, ஐரோப்பாவில் 255. டி4-ஐ டி3 ஆக மாற்றும் நொதிகளுக்கு இது வேண்டும் என்பதால் விளம்பரத்தில் முதலிடம் இதற்குத்தான். அளவு தவறினால் முடி கொட்டும், நகம் உடையும், மூச்சில் பூண்டு வாடை வரும். முடிக்காகவே செட் வாங்கியவர், முடி கொட்டுகிறதே என்று இன்னும் ஒரு கேப்ஸ்யூல் கூட்டிப் போடும் கொடுமையும் நடக்கும். 2008-ல் அமெரிக்காவில் ஒரு திரவ சப்ளிமெண்டில் லேபிளில் போட்டதைவிடச் சுமார் 200 மடங்கு செலீனியம் கலந்துவிட, 200 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள்.

விற்பதற்குமுன் செய்துகாட்டும் ‘டெஸ்ட்’களையும் நம்பாதீர்கள். ஜிங்க் கரைசலை வாயில் ஊற்றி, ருசி தெரியாவிட்டால் குறைபாடு என்பார்கள். அந்த முறை நம்பகமானதல்ல. முடியை வெட்டி அனுப்பச் சொல்லும் கனிமப் பரிசோதனையும் அப்படித்தான். பொடுகு ஷாம்பூ சிலவற்றில் ஜிங்க் பைரிதியோனோ செலீனியம் சல்ஃபைடோ இருக்கும், முடியில் ஒட்டியதைத்தான் கருவி எண்ணும். ரத்த ஜிங்க்கூடக் காய்ச்சல், தொற்று இருக்கும்போது குறைவாகக் காட்டும்.

எல்லாவற்றையும் ஒன்றாகப் போடச் சொன்னது தனிக் குற்றம். முதல் டப்பாவில் உள்ள கால்சியம் லெவோதைராக்சினை வயிற்றிலேயே பிடித்துவைத்துவிடும், இரும்பும் அதையே செய்யும். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு, சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு போடவேண்டும். கால்சியம், இரும்பு கலந்த எதுவாயினும் 4 மணிநேரம் தள்ளி.

செட்டை ஏற்கனவே வாங்கியிருந்தால் டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள். மூன்று லேபிளையும் பேட்ச் எண்ணோடு படமெடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். லெவோதைராக்சின் அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம், ஏற்கனவே குறைத்திருந்தால் அன்றே தெரிவியுங்கள். அளவு மாற்றிய பிறகு 6 முதல் 8 வாரம் கழித்துப் பார்க்கும் டி.எஸ்.எச். தான் நம்பத்தக்கது. அன்று காலை மாத்திரை போடும்முன் ரத்தம் கொடுங்கள், எந்தப் பரிசோதனைக் கூடம் என்பதையும் மாற்றாதீர்கள். மருந்து கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் புகார் அனுப்பும்போது மீதி மாத்திரை, ரசீது, ‘மாத்திரையைப் பாதியாக்குங்கள்’ என்று வந்த செய்தி, இரண்டு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளின் நகல் நான்கையும் சேர்த்து வையுங்கள். மருத்துவர் எழுதிய மருந்தின் அளவை விற்பனையாளர் மாற்றச் சொன்னதற்கு எழுத்தில் இருக்கும் சாட்சி அந்தச் செய்திதான், அதனால் அதைக் கைபேசியிலிருந்து அழித்துவிடாதீர்கள்.