தொட்டிச் செடிகளுக்குச் சொட்டுநீர்: மூன்று ஆண்டு அனுபவம்

எங்கள் நாற்றங்காலில் உள்ள ஏறத்தாழ ஆயிரம் தொட்டிகளுக்கு மேலிருந்து தெளிக்கும் முறையை விட்டுவிட்டு, தொட்டிக்கு ஒரு சொட்டுவான் (குழாய் நீரைச் சொட்டுச் சொட்டாக விடும் சிறு முனை) என்று மாறி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மாறியதற்குக் காரணம் எளிய கணக்குதான். வட்டத் தொட்டிகளை நேர் வரிசைகளில் ஒன்றையொன்று தொடும்படி அடுக்கினாலும் பரப்பில் சுமார் 78 சதவீதமே தொட்டியின் வாயாக அமையும். செடி படர்வதற்காக எல்லாப் பக்கமும் ஒரு தொட்டியளவு இடைவெளி விட்டால் அது 20 சதவீதமாகச் சுருங்கிவிடும். ஐந்து குடம் தெளித்தால் நான்கு குடம் தரைக்குத்தான்.

ஆனால் சொட்டுநீர் போட்ட முதல் ஆண்டில் தண்ணீர்ச் செலவு நான் எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவான்களைக் காலையில் ஒரே மூச்சாக 15 நிமிடம் ஓடவிட்டேன். தொட்டிக்கு 1 லிட்டர். சந்தேகம் வந்து சில தொட்டிகளைத் தட்டில் ஏற்றி வைத்துப் பார்த்தபோது, அதில் 400 மில்லி லிட்டர் அடியில் வடிந்திருந்தது. தென்னை நார்க்கழிவுக் கலவை ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் ஓரமாகச் சுருங்கி விலகும். தண்ணீரும் வேரைத் தொடாமல் அந்த இடுக்கு வழியே இறங்கிவிடும்.

அதன்பின் மணிக்கு 2 லிட்டர் விடும் சொட்டுவானுக்கு மாறி, நாளில் மூன்று வேளை, வேளைக்கு 6 நிமிடம் என்று பிரித்தேன். வேளைக்கு 200 வீதம் மொத்தம் 600 மில்லி லிட்டர். வடிவது 70 மில்லி லிட்டர் அளவில் நின்றது. அதையும் மிச்சப்படுத்தலாம் என்று பேராசைப்பட்டு நேரத்தை மேலும் குறைத்ததில், சில வாரங்களில் கலவையின் மேல் வெள்ளை உப்பு பூத்து, இலை நுனிகள் கருகத் தொடங்கின. கொடுப்பதில் பத்தில் ஒரு பங்காவது வடிந்தால்தான் உரத்தின் உப்பு வெளியேறும் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

உண்மையான தலைவலி அடைப்புதான். கறுப்புக் குழாய்களில் தொல்லை குறைவு. ஒளி ஊடுருவும் மெல்லிய நுண்குழாய்களை வாங்கியது என் தவறு. வெயில் படும் இடங்களில் உள்ளே பாசி பிடித்தது. ஒன்றைக் கழற்றி ஊதியபோது, புழுவைப் போலப் பச்சையாக ஒரு கொழகொழப்பு நீண்டு வந்து உள்ளங்கையில் விழுந்தது. இப்போது எல்லாமே கறுப்புக் குழாய். 120 மெஷ் (அங்குலத்துக்கு 120 கண்கள் கொண்ட வலை) வடிகட்டியைக் கழுவுவதும், குழாயின் கடைசி மூடியைத் திறந்து கசடை வெளியேற்றுவதும் வாரந்தோறும் தவறாமல் நடக்கின்றன.

தெளிப்பான் பழுதானால் தொலைவிலிருந்தே தெரியும். சொட்டுவான் அடைத்துக்கொண்டால் செடி துவளும் வரை தெரியாது. ஆகவே நீர் விட்ட பின் வரிசைக்குச் சில தொட்டிகளைத் தூக்கி எடை பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டோம். கனமில்லாத தொட்டி கைக்கு உடனே தெரிந்துவிடும். தொட்டிகளை இடம் மாற்றும்போது சொட்டுவான் குச்சி பிடுங்கிக்கொண்டு வருவதற்கு மட்டும் இன்றுவரை எனக்குத் தீர்வு கிடைக்கவில்லை.

குழித்தட்டு நாற்றுகளுக்கும் சிறு பைகளுக்கும் இம்முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அத்தனை சொட்டுவான்களைப் பராமரிக்க முடியாது. அவை நெருக்கமாக நிற்பதால் தெளிப்பிலும் வீணாவது குறைவு என்பதால், அந்தப் பகுதியில் பழைய தெளிப்பான்களே ஓடுகின்றன.