வாசலில் ஒட்டிய தரமா, ராத்திரி ஆள் கணக்கா?

அமுச்சிக்கு (அம்மாவின் அம்மா) மறதி நோய் முற்றிய பிறகு, கோவையைச் சுற்றி இரண்டு காப்பகங்களைப் போய்ப் பார்த்தோம். பளிங்குத் தரை, துளசி மாடம், சாப்பாட்டுப் பட்டியல் எல்லாம் காட்டினார்கள். "ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஆள்ங்க?" என்று மாமா கேட்டதும், "அதெல்லாம் பார்த்துக்குவோமுங்க" என்றார் மேலாளர். இன்னொரு இடத்தில் ஒரு தாத்தாவின் மணிக்கட்டை ஈரிழைத் துண்டால் நாற்காலியோடு கட்டியிருந்தார்கள். "விழுந்துருவாருங்க, அதான்." அன்றைக்கு ராத்திரிதான் மற்ற ஊர் விதிகளைத் தேடிப் படித்தேன்.

இங்கிலாந்தில் வழி சுலபம். ஆய்வாளர்கள் கொடுத்த தரத்தைக் காப்பகம் வாசலிலும் இணையதளத்திலும் காட்டியே ஆக வேண்டும்; 2015 ஏப்ரலில் இருந்து இதுதான் விதி. நான்கே தரம், 'மிகச் சிறப்பு' முதல் 'போதாது' வரை. யாருக்கும் புரியும். ஆனால் அது ஆய்வு நடந்த அன்றைய மதிப்பு. அதற்கப்புறம் நல்ல நர்ஸ் வேலையை விட்டுப் போயிருந்தாலும் வாசலில் அதே தாள்தான் இருக்கும்.

அமெரிக்காவில் நர்சிங் ஹோம் என்றால் நம் ஊர் பிரசவ ஆஸ்பத்திரி இல்லை, முதியவர்கள் நாள்பட்டுத் தங்கும் இடம். அரசுக் காப்பீட்டுப் பணம் வாங்கும் இடமென்றால், ஒவ்வொரு ஷிப்டிலும் எத்தனை நர்ஸ், எத்தனை உதவியாளர், எத்தனை மணி நேரம், உள்ளே எத்தனை பேர் என்று தினமும் எழுதி ஒட்ட வேண்டும். அந்தக் கணக்கைப் பதினெட்டு மாதமாவது பத்திரமாக வைத்திருக்கவும் வேண்டும். மாமா கேட்டதும் இதைத்தானே! ஓட்டையும் உண்டு: மறதி நோயாளிகள் பலர் இருக்கும் 'உதவியுடன் வாழும்' விடுதிகளுக்கு இந்த மத்திய விதி கிடையாது. அங்கே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு.

நம்முடைய 2017 மனநலச் சட்டம் ஒரு விஷயத்தில் கறார். அதன் 97ஆம் பிரிவுப்படி, ஆள் பற்றாக்குறை என்று சொல்லி யாரையும் கட்டிவைக்கக் கூடாது. வேறு வழியே இல்லாமல் கட்டினாலும், பொறுப்பு மனநல மருத்துவர் ஒப்ப வேண்டும், காரணத்தைப் பதிய வேண்டும், நோயாளி நியமித்த பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். நினைவாற்றல் கோளாறும் அந்தச் சட்டத்தின் மனநோய் வரையறையில் வருகிறது. அதைச் சொன்னால், "நாங்க முதியோர் இல்லமுங்க, அது எங்களுக்கு இல்லை" என்றார் துண்டு கட்டிய இடத்துக்காரர்.

என்னைக் கேட்டால் தரத்தாளை விட அன்றாட ஆள் கணக்குதான் மேல். கூடவே நம் 24 மணி நேர விதியும் வேண்டும்.

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு சின்ன இல்லத்தில், நாங்கள் கேட்டதற்காகக் கரும்பலகையில் ஆள் கணக்கு எழுத ஒப்புக்கொண்டார்கள். அமுச்சி இப்போது அங்கேதான். போன ஞாயிறு போனபோது பலகையில் புதன்கிழமைத் தேதி. மாமா ஒன்றும் பேசவில்லை, சாக்பீஸை எடுத்து மேலாளர் கையில் கொடுத்தார்.