காந்தப்புலப் பெட்டி: அந்த எண்ணெய்க் குப்பிக்காகவே வாங்கலாம்

பதினாறு வருடமாகக் காந்தப்புலத்தை ஒரு சட்டக் காந்தம், ஒரு வெள்ளைத்தாள், மூடியில் துளை போட்ட குப்பியில் கொஞ்சம் இரும்புத்தூள், இவ்வளவையும் வைத்துத்தான் நடத்தி வந்தேன். இந்த வருடம் ஆயத்தப் பெட்டி ஒன்று வாங்கி மூன்று வகுப்புகளில் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன்.

பெட்டியில் மனதைப் பறித்தது எண்ணெய்க் குப்பி. கெட்டியான எண்ணெயில் இரும்புத்தூள், நடுவே காந்தத்தைச் செருக ஒரு குழாய். நன்றாகக் குலுக்கிவிட்டுக் காந்தத்தைச் செருகினால், தூள் மெல்ல நகர்ந்து இரு முனைகளிலும் முள்ளம்பன்றி போலச் சிலிர்த்து நிற்கிறது. தாளிலேயே பார்த்துப் பழகிய பிள்ளைகள் புலம் தட்டையானது என்றே நினைத்துக்கொள்வார்கள். ஒரு மாணவி குப்பியைத் திருப்பிப் பார்த்து, "டீச்சர், பின்னாடியும் இருக்கே!" என்றாள். அதை நான் வாயால் எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

தூளை உள்ளே வைத்து மூடிய தட்டைப் பெட்டியும் இருக்கிறது. தூள் சிந்தாது, காந்தத்தில் ஒட்டிக்கொள்ளாது, சரி. ஆனால் தாளைச் சுண்டும் அந்த நொடி இதில் இல்லை. தாளில் விழுந்த தூளை உராய்வு பிடித்து வைத்திருக்கும். விரலால் சுண்டியதும் ஒவ்வொரு துகளும் துள்ளித் திரும்பி அடுத்ததோடு கோத்துக்கொள்ளும். காந்தத்தின் அருகே துகள்களும் குட்டிக் காந்தங்கள் ஆகிவிடுகின்றன என்பதை அங்கே தனியாக விளக்கவே வேண்டாம்.

கையேட்டில் எனக்குப் பெரிய வருத்தம். காந்த விசை, தூள் காட்டும் கோடுகளின் மேல் மட்டும்தான் இருக்கிறது என்பது போல எழுதியிருக்கிறார்கள். அது தவறு, கோடுகளுக்கு இடையிலும் புலம் உண்டு. தூளைத் தட்டிவிட்டு மறுபடி தூவினால் வடிவம் அதேதான், கோடுகள் விழும் இடம் மட்டும் மாறும். இரண்டு முறையும் படம் எடுத்து ஒப்பிடச் சொன்னேன், பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள்.

தூள் புலத்தின் வடிவத்தைக் காட்டும், எந்தப் பக்கம் நோக்கி என்பதைக் காட்டாது. அதற்குத்தான் ஆறு சின்னத் திசைகாட்டிகள். அவற்றில் இரண்டு தெற்கை வடக்கு என்றன. காந்தங்களுக்குப் பக்கத்துக் குழியிலேயே அடுக்கி அனுப்பினால் ஊசியின் முனைகள் மாறத்தானே செய்யும்? ஊசியில் வடக்கைக் காட்ட வேண்டிய பாதியில் காந்தத்தின் தென்முனையை வைத்து, நடுவிலிருந்து நுனி வரை சில முறை இழுத்துச் சரிசெய்தேன். அப்புறம் திசைகாட்டிகளை வேறு டப்பாவுக்கு மாற்றிவிட்டேன்.

குப்பி தனியாகக் கிடைத்தால் அதை மட்டும் வாங்குங்கள். தாளும் தூளும் எப்படியும் உங்களிடம் இருக்கும். விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1851-ல் மெழுகுத்தாளில் இந்த வடிவங்களைப் பதித்து வைத்தார். அடுத்த வாரம் எங்கள் வகுப்பிலும் அதைச் செய்யப் போகிறோம், மெழுகு வாங்கியாகிவிட்டது.