சொந்த நிலம் கணக்கில் புறம்போக்கு: தாசில்தாரா, சிவில் கோர்ட்டா, ஹைகோர்ட்டா?

மூன்று தலைமுறையாக உழுது வந்த நிலம். வாரிசுகள் பெயருக்குப் பட்டா மாற்றலாம் என்று போய்ப் பார்த்தால், அந்த சர்வே எண்ணுக்கு நேரே 'அரசு புறம்போக்கு' என்று இருக்கிறது. கையில் பழைய கிரயப் பத்திரம் இருக்கிறது, வில்லங்கச் சான்றிலும் சிக்கல் இல்லை. ஆனால் தாலுகா ஆபீஸ் கணக்குப்படி நிலம் சர்க்காருடையது.

இந்த நிலைமையில் தமிழ்நாட்டில் மூன்று கதவுகள் உண்டு. வருவாய்த் துறைக்குள்ளேயே மேலே மேலே முறையிடலாம், சிவில் கோர்ட்டில் உரிமை வழக்குப் போடலாம், உயர் நீதிமன்றத்தில் ரிட் (அதிகாரிகளின் செயலை எதிர்த்து அங்கே நேரடியாகப் போடும் மனு) போடலாம். டீக்கடையில் விசாரித்தால் பெரும்பாலும் மூன்றாவதைத்தான் சொல்வார்கள். "ஹைகோர்ட் ஆர்டர் வந்துட்டா தாசில்தார் ஓடி வந்து பட்டா குடுப்பாருப்பா." என் பெரியப்பா அதை நம்பித்தான் 62 சென்டுக்காக மதுரைக்கு பஸ் ஏறினார்.

எந்தக் கதவு என்று முடிவு செய்யும் முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். கணக்கு எழுதியவர் கை தவறியதா, நிலம் யாருடையது என்பதே தகராறா, இல்லை அதிகாரி முறை தவறி நடந்தாரா? பலர் இதைக் கேட்டுக்கொள்ளாமலே வக்கீல் பீஸ் கட்டிவிடுகிறார்கள்.

வருவாய்த் துறை

கை தவறிய வகைக்குத் தமிழ்நாட்டில் ஒரு பெயரே உண்டு: யூடிஆர் தவறு. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடமை மேம்பாட்டுத் திட்டத்தில் (அதுதான் யூடிஆர்) ஊர் ஊராகக் கணக்கைப் புதுப்பித்தார்கள். அப்போது பட்டா நிலங்கள் சில புறம்போக்காகவும் அனாதீனமாகவும் (உரிமையாளர் இல்லாத நிலம்) மாறின. சில, பக்கத்து நிலத்துக்காரர் பெயரில் ஏறின. இன்று கணினியில் தெரிவது பெரும்பாலும் அந்தக் கணக்கின் வழி வந்ததுதான்.

உங்கள் சிக்கல் இந்த வகை என்றால் கோர்ட்டுக்கு அவசரம் இல்லை. யூடிஆருக்கு முந்தைய செட்டில்மென்ட் 'அ' பதிவேடு (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம், யார் பெயரில் என்று காட்டும் ஊர்க் கணக்கு), யூடிஆர் 'அ' பதிவேடு, புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களை வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தாலுகாவில் "பழைய ரிஜிஸ்டர் இல்லை" என்றால் கலெக்டர் அலுவலகப் பதிவறை, அங்கும் இல்லையென்றால் எழும்பூர் ஆவணக் காப்பகம். பழைய பதிவேட்டில் பட்டா என்றிருந்து, இடையில் நிலம் கையகப்படுத்தப்பட்டதற்கோ ஒப்படைக்கப்பட்டதற்கோ எந்த உத்தரவும் இல்லை என்றால், சர்க்காரிடம் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. தாசில்தார் தள்ளினால் கோட்டாட்சியர், அவரும் தள்ளினால் டிஆர்ஓ (மாவட்ட வருவாய் அலுவலர்). 1983-ஆம் ஆண்டு பட்டா பாஸ் புத்தகச் சட்டம் வகுத்த ஏணி இது. வக்கீல் இல்லாமலே ஏறலாம், செலவும் நகல் கட்டணத்தோடு ஏறக்குறைய முடிந்துவிடும்.

குறை என்ன? எதிராளியே நடுவர். அறிக்கை எழுதும் விஏஓவும் ஆர்ஐயும் (வருவாய் ஆய்வாளர்) சர்க்கார் ஊழியர்கள். புறம்போக்கைப் பட்டாவாக்கிக் கையெழுத்துப் போட்டால் நாளைக்குத் தணிக்கையில் மாட்டுவோமோ என்ற பயம் அவர்களுக்கு. பயத்தில் கோப்பு தூங்கும். அதோடு, நீங்கள் ஜெயித்தாலும் கிடைப்பது பட்டா மட்டும்தான். வருவாய்க் கணக்கில் பெயர் இருப்பதாலேயே சொத்துரிமை வந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. நமக்கு எதிரான கணக்குக்கும் அதே விதிதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சிவில் கோர்ட்

நிலம் யாருடையது என்பதே தகராறு என்றால் வேறு வழியில்லை, இங்கேதான் வர வேண்டும். இழுக்கும், செலவாகும். ஆனால் சாட்சியைக் கூண்டில் ஏற்றி, பத்திரத்தைச் சோதித்து, கோர்ட் நியமிக்கும் கமிஷனரை சர்வேயரோடு அனுப்பி அளந்து, "இது இன்னாருக்குச் சொந்தம்" என்று தீர்மானிக்கிற இடம் இது ஒன்றுதான்.

சர்க்கார் மீதான வழக்கு என்பதால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவுப்படி முதலில் நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். அவசரம் என்றால் கோர்ட் அனுமதி பெற்று நோட்டீஸ் இல்லாமலும் தாக்கல் செய்யலாம். ஆனால் சர்க்கார் தரப்பைக் கேட்காமல் இடைக்கால உத்தரவு கிடைக்காது.

காலக்கெடுதான் இங்கே ஆளை வீழ்த்தும் குழி. நிலம் எனக்குச் சொந்தம் என்று அறிவிக்கக் கேட்கும் உரிமை விளம்பல் வழக்குக்கு, உரிமை கோர முதன்முதலாகக் காரணம் எழுந்த நாளிலிருந்து 3 ஆண்டு. 80-ஆம் பிரிவு நோட்டீஸுக்குக் காத்திருந்த காலம் அந்த 3 ஆண்டுக் கணக்கில் சேராது, கழியும். மனு மேல் மனு கொடுத்துக்கொண்டு அலைந்த காலம் தானாகக் கழியாது. சர்க்காருக்கோ தன் நிலத்தை மீட்க வழக்குப் போட 30 ஆண்டு, தனியாருக்கு 12. அனுபவ பாத்தியத்தை (நெடுநாள் அனுபவித்ததால் வரும் உரிமை) வைத்து சர்க்கார் நிலத்தைக் கேட்பவரும் அந்த 30 ஆண்டையும் தாண்டிக் காட்ட வேண்டும். அதற்குச் சிலர் பி மெமோ (சர்க்கார் நில ஆக்கிரமிப்புக்கு அபராதம் கேட்டு வரும் சீட்டு) ரசீதுகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவருவார்கள். அனுபவத்துக்கு அது சாட்சிதான். ஆனால் ஆக்கிரமிப்புக்கான அபராதத்தை எதிர்ப்பில்லாமல் கட்டியவர், நிலம் சர்க்காருடையது என்று ஒப்புக்கொண்டார் என்றே அரசு வக்கீல் வாதிடுவார். பத்திரம் உள்ளவர் பி மெமோ வந்த அன்றே எழுத்தில் மறுப்புக் கொடுப்பது நல்லது.

ரிட்

வேகமானது. அதனால்தான் இத்தனை கவர்ச்சி. ஆனால் உரிமைச் சிக்கலில் இரு தரப்பும் வேறு வேறு உண்மையைச் சொன்னால், ரிட்டில் அதற்குள் நுழையாமல் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்வதே வழக்கம். இது பலிக்கிற இடம் வேறு. நோட்டீஸ் இல்லாமல் இடிக்க வந்தார்கள், விசாரிக்காமல் பட்டாவை ரத்து செய்தார்கள், இழப்பீடு இல்லாமல் ரோடு போட்டார்கள் என்றால் உடனே ரிட் போடுங்கள். 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்திலேயே 7-ஆம் பிரிவு நோட்டீஸ் கட்டாயம். கிராம நத்தத்தில் (ஊர்க் குடியிருப்புக்கு ஒதுக்கிய நிலம்) வீடு உள்ளவர்கள் அதே சட்டத்தின் 2-ஆம் பிரிவையும் படிக்க வேண்டும்: சொந்த வீட்டு மனையையும் கொல்லைப்புறத்தையும் அது அரசு நிலம் என்ற வரையறையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது.

1982-இல் உஸ்மானியா பல்கலைக்கழக நிலம் பற்றிய ஹைதராபாத் வழக்கில், ஆந்திராவில் அமலிலிருந்த இதே 1905 சட்டத்தை வைத்து உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் கை கொடுக்கிறது: உரிமை பற்றி உண்மையான தகராறு இருந்தால், சர்க்கார் தானே தீர்ப்பெழுதிச் சுருக்கு வழியில் வெளியேற்ற முடியாது, அதுவும் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். இமாச்சலில் 1967-68-இல் ரோட்டுக்கு எடுத்த நிலத்துக்கு இழப்பீடே தராத வழக்கில், குடிமக்கள் நிலத்தை அனுபவ பாத்தியத்தால் சொந்தமாக்கிக்கொள்ள அரசுக்கு இடமில்லை என்று 2020-இல் தீர்ப்பு வந்தது.

ஏரி, குளம், ஓடை என்று பழைய கணக்கிலும் இருந்தால் மூன்று கதவும் ஏறக்குறைய மூடியவைதான். அங்கே பணத்தை இறைக்காதீர்கள்.

என்னைக் கேட்டால், யூடிஆர் தவறுக்கு வருவாய்த் துறை. கூடவே காலண்டரில் 3 ஆண்டுக்கு ஒரு வட்டம். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் டிஆர்ஓ உத்தரவு வராவிட்டால் 80-ஆம் பிரிவு நோட்டீஸ் போய்விட வேண்டும்.

பெரியப்பாவுக்கு ஹைகோர்ட் ஆர்டர் கிடைத்தது. 'மனுதாரரின் மனுவை 12 வாரங்களுக்குள் சட்டப்படி பரிசீலித்து உத்தரவு பிறப்பிக்க வேண்டும்.' ஊரில் இனிப்பு கொடுத்தார். பதினோராவது வாரம் பரிசீலித்து உத்தரவும் வந்தது: 'புறம்போக்கு என்பதால் மனு நிராகரிக்கப்படுகிறது.' செட்டில்மென்ட் பதிவேட்டு நகலை அவர் மனுவோடு வைக்கவே இல்லை. அதற்கு விண்ணப்பம் போட்டிருக்கிறோம், போன மாதம்தான்.